அரும்பாவூர்: நாலு கால் நடையின் கணக்கு

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் வேப்பந்தட்டையைத் தாண்டி, பச்சைமலை தெரிகிற பக்கமாகத் திரும்பினால் அரும்பாவூர். வழிநெடுக மானாவாரி நிலம். மக்காச்சோளம், பருத்தி, கிணற்றில் தண்ணீர் இருக்கிற இடத்தில் சின்ன வெங்காயம். ஊருக்குள் போனால் பட்டறைகளிலிருந்து உளிச் சத்தம் கேட்கும். இந்த ஊரிலும் பக்கத்துத் தழுதாழையிலும் மரச்சிற்பம் செதுக்குவது தலைமுறைத் தொழில். வாகை, மா, வேம்பு என்று மரம் எதுவானாலும், பெரும்பாலும் ஒரே கட்டையில் உருவத்தைக் கொண்டுவருவது இவர்கள் வழக்கம். 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இங்கே சாமி சிலைகளுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுபவை விலங்குகள்தான். தேருக்கான குதிரை, யாளி, யானை, காளை. கட்டையிலிருந்து பாதி வெளிவந்த குதிரையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். முகத்தைச் செதுக்குவதைவிடக் காலைச் செதுக்குவது கஷ்டம். மர ரேகை காலின் நீளத்துக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கால் ஒடிந்துவிடும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிறுத்தினால் மொத்தப் பாரமும் பின்னால் போகும். அதனால் வயிற்றுக்கடியில் ஒரு முட்டோ, பின்னங்காலோடு சேர்ந்த ஒரு பீடமோ தேவைப்படும். மரக்குதிரைக்கு வேண்டிய இந்த முட்டு உயிருள்ள மாட்டுக்கு வேண்டாம். அது தனக்குத்தானே முட்டுக் கொடுத்துக்கொண்டு நடக்கிறது.

அதை எப்படிச் செய்கிறது என்று பார்க்க, காலையில் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டும் நேரத்தில் ஏரிக்கரைக்குப் போனால் போதும்.

எந்தக் கால் முதலில்?

இருபது வருடம் மாடு வைத்திருப்பவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மாடு நடக்கும்போது இடது பின்னங்காலை வைத்துவிட்டால், அடுத்து எந்தக் காலை எடுத்து வைக்கும்?" முக்கால்வாசிப் பேர் கொஞ்சம் யோசிப்பார்கள். பலர் "எதிர்ப்பக்க முன்னங்கால்" என்பார்கள். சரியான பதில், அதே பக்கத்து முன்னங்கால். இடது பின், இடது முன், வலது பின், வலது முன். மாடு, எருமை, ஆடு, குதிரை, நாய் எல்லாம் மெதுவாக நடக்கும்போது இந்த வரிசைதான். பின்னங்கால் வந்து முன்னங்காலை எழுப்பிவிடுவது போல இருக்கும். இடது பின்குளம்பு தரையைத் தொடப்போகிற நேரத்தில் இடது முன்குளம்பு இடத்தைக் காலிசெய்துவிடும். அந்தத் தடத்திலோ அதன் பக்கத்திலோ பின்குளம்பு விழும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எந்த நொடியிலும் இரண்டு அல்லது மூன்று கால்கள் தரையில் இருக்கும். மெதுநடையில் பெரும்பாலான நேரம் மூன்று. உடம்பின் பாரம் அந்த மூன்று குளம்புகளுக்கு நடுவே விழும்படி ஒவ்வொரு எட்டும் அமைகிறது. முக்காலி ஒன்று இடம் மாறிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்ளலாம்.

பச்சைமலை அடிவாரத்துத் தோப்புகளில் திரியும் குரங்குக்கு மட்டும் வேறு கணக்கு. குரங்கினங்கள் பெரும்பாலும் இடது பின்னங்காலை வைத்ததும் வலது கையை வைக்கும். கிளையில் நடக்கப் பழகிய உடம்புக்கு அந்த முறை தோதுப்படுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று.

இந்த வரிசை மனிதன் கண்ணுக்கு எளிதில் பிடிபடவில்லை என்பதற்குப் பெரிய சாட்சியே இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், 1878 ஜூன் மாதம், எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பந்தயப் பாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்தார். குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொரு கேமராவும் ஒரு படம் எடுத்தது. பாய்ந்து ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்ற கேள்விக்கு, எழும்பும் என்று விடை கிடைத்தது. ஆனால் அது வரை ஓவியர்கள் வரைந்திருந்தது போல முன்காலை முன்னாலும் பின்காலை பின்னாலும் நீட்டியிருக்கும்போது இல்லை. கால்கள் எல்லாம் வயிற்றுக்கடியில் மடங்கிச் சேர்ந்திருக்கும்போது. ஆயிரம் ஆண்டுகளாகக் குதிரையோடு வாழ்ந்தவர்கள் கண்ணுக்கும் அது தப்பியிருந்தது. 1887இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 781 படப் பலகைகள் இருந்தன. மாடு, யானை, ஒட்டகம் எல்லாம் அதில் நடக்கின்றன.

அதன் பிறகும் தவறு நிற்கவில்லை. ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் ஹோர்வாத்தும் அவர் குழுவும் 2009இல் அருங்காட்சியகங்களில் நடப்பது போல நிறுத்தியிருக்கும் விலங்கு உருவங்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழப் பாதியில் கால் வரிசை தப்பு. விலங்கு உடற்கூறு நூல்களின் படங்களில் பாதிக்கும் மேல் தப்பு. அதே குழு 2012இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். சும்மா கண்ணை மூடிக்கொண்டு கால்களை வரைந்தால் 100க்கு 73 தப்பாகும் என்பது அவர்கள் கணக்கு. மைபிரிட்ஜுக்கு முந்தைய காலத்து ஓவியர்கள் 100க்கு 83, அவருக்குப் பிந்தையவர்கள் 58 தப்புச் செய்திருந்தார்கள். குகைச் சுவரில் வரைந்த ஆதி மனிதர்கள் செய்த தப்பு 46தான்! அந்த மிருகத்தை வேட்டையாடித்தான் அவர்களுக்குச் சோறு. அதனால் அதன் காலைக் கவனித்திருக்கிறார்கள்.

இதை வைத்து அரும்பாவூர் சிற்பிகளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தேர்க்குதிரையும் வாகனக் காளையும் சாஸ்திர அளவுப்படி செய்யப்படுபவை. அவை புல்லுக்கு நடந்து போகிறவை அல்ல. ஆனால் கொட்டகையில் நிற்கிற மாட்டின் காலைக் கவனிப்பது அந்த மாட்டை நம்பி வாழ்கிறவர் வேலை. அதில் பணம் இருக்கிறது, பாலும் இருக்கிறது.

உடம்பைத் தூக்கும் தொட்டில்

மாட்டின் முன்னங்கால் உடம்போடு எலும்பால் பொருத்தப்படவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மனிதனுக்கு இருக்கிற காறை எலும்பு மாட்டுக்குக் கிடையாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே மார்புக்கூட்டைச் சதையும் தசைநாரும் தொட்டில் போலத் தாங்கி நிற்கின்றன. பாரத்தில் பாதிக்கும் சற்று அதிகம் முன்னங்காலில்தான் இறங்குகிறது. பள்ளத்தில் இறங்கும்போது விழும் அதிர்ச்சியை இந்தத் தொட்டில் வாங்கிக்கொள்கிறது. பின்னங்கால் அப்படி இல்லை. இடுப்பில் எலும்பும் எலும்பும் பொருந்திய மூட்டு இருக்கிறது. பின்னாலிருந்து தள்ளுவது அதன் வேலை, தள்ளுகிற பலம் சிதறாமல் உடம்புக்குப் போக வேண்டும்.

எலும்புக்கும் ரேகை உண்டு. பாரம் எந்தப் பக்கமாக இறங்குகிறதோ அந்தப் பக்கமாகவே உள்ளெலும்பின் இழைகள் அமைகின்றன என்று ஜெர்மனி மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். காலின் நீளத்துக்கு ரேகை ஓடுகிற கட்டையைத் தேடும் மரச்சிற்பிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வித்தியாசம் ஒன்றுதான். மரத்தில் ரேகையைத் தேட வேண்டும். உயிருள்ள எலும்பு நடக்க நடக்கத் தானே திருத்திக்கொள்ளும். கன்றுக்குட்டியைத் துள்ள விடாமல் ஒரே இடத்தில் கட்டி வளர்ப்பது ஏன் நல்லதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளம்புக்கு வருவோம். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, மாட்டுக்குப் பிளவுக் குளம்பு. ஏரி உள்வாயில் சேற்றில் மாடு இறங்கும்போது இரண்டு பிளவும் விரிகின்றன, தூக்கும்போது சுருங்குகின்றன. அதனால் சேறு அவ்வளவாகப் பிடித்து இழுப்பதில்லை. டெல்டாவில் உம்பளச்சேரி மாடு சேற்றுழவுக்குப் பேர் வாங்கியதும், கொங்குப் பக்கம் காங்கேயம் காளை வண்டிக்கும் கவலைக்கும் பேர் வாங்கியதும் அந்தந்த மண்ணில் நடந்து தேறிய கால்களால்தான். லாடம் அடிக்கும்போதும் இந்தப் பிளவைக் கவனிக்க வேண்டும். குதிரைக்கு ஒரு குளம்புக்கு ஒரு வளைவு லாடம். மாட்டுக்கு ஒவ்வொரு பிளவுக்கும் தனித்தகடு, நாலு காலுக்கும் எட்டு. ஒரே தகடாக அடித்தால் குளம்பு விரிய முடியாது.

வண்டி மாட்டை அதன் போக்கில் விட்டால் தானாக ஒரு வேகத்துக்கு வந்துவிடும் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். 1981இல் ஹோய்ட், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குதிரைக்குட்டைகளை ஓடும் பட்டைமீது நடக்கவும் ஓடவும் விட்டு, அவை இழுக்கும் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். நடை, பெருநடை, பாய்ச்சல் ஒவ்வொன்றிலும் மிகக் குறைவாகச் செலவாகிற ஒரு வேகம் உண்டு. தன் போக்கில் விட்டபோது குதிரைகள் அந்த வேகத்தையே தேர்ந்துகொண்டன. சாட்டை அடித்து வேறு வேகத்துக்குத் தள்ளினால் தீவனம் வீணாகிறது என்பது இதற்கு நம் பாஷை. மலைச்சரிவில் மாடும் ஆடும் போட்ட தடம் நேர் மேலே ஏறாமல் சாய்வாகச் சுற்றிப் போவதிலும் இதே சிக்கனம்தான் இருக்கிறது.

சேற்றில் எழுதிய சீட்டு

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஏரிக்கரையில் மாடுகள் போன தடத்தைக் குனிந்து பார்ப்பது நல்ல பழக்கம். மெதுவாக நடக்கும் ஆரோக்கியமான மாட்டின் பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த தடத்தின் மேலேயே அல்லது மிக அருகில் பதியும். ஒரு மாட்டின் பின்தடம் தொடர்ந்து கால் முழம், அரை முழம் பின்தங்கி விழுந்தால் அந்த மாடு எட்டைக் குறுக்குகிறது. எட்டைக் குறுக்கினால் எங்கோ வலிக்கிறது. நொண்டுவது வெளிப்படையாகத் தெரியும் முன்பே இந்த அடையாளம் வந்துவிடும்.

அடுத்தது முதுகு. நிற்கும்போதும் நடக்கும்போதும் முதுகு நேராக இருந்தால் கவலை இல்லை. நிற்கும்போது நேர், நடக்கும்போது மட்டும் வில்லாக வளைந்தால் வலி தொடங்கிவிட்டது. நிற்கும்போதே வளைந்தால் வலி முற்றிவிட்டது. பிறகு ஒவ்வொரு எட்டாக யோசித்து யோசித்து வைக்கும். கடைசியில் ஒரு காலை ஊன்றவே மறுக்கும். கால்நடை மருத்துவர்கள் இந்த ஐந்து நிலைகளுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுகிறார்கள். வீட்டுக்காரர் கண்ணுக்கு இரண்டாம் நிலையிலேயே பட்டுவிட்டால் செலவு குறைவு. பெரும்பாலும் நான்காம் நிலையில்தான் படுகிறது.

தலையையும் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது மாடு தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். தலையின் பாரத்தை வலிக்கிற காலிலிருந்து எடுத்துவிடும் தந்திரம் அது. கறவை மாட்டில் நொண்டல் பெரும்பாலும் பின்னங்காலில், அதுவும் வெளிப்பக்கக் குளம்பில் வருகிறது. சாணியும் மூத்திரமும் தேங்கிய சிமெண்டுத் தரையில் குளம்பு ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது. பிறகு சிறு கல் குத்தினாலும் புண். தரையைக் காய வைப்பதும், வளர்ந்த குளம்பை ஆண்டுக்கு இரண்டு முறை சீவிவிடுவதும் பாதி வைத்தியம். குளம்பு இடுக்கில் அழுகல் கண்டால் லிட்டருக்கு 50 கிராம் மயில்துத்தம் கலந்த தண்ணீரில் காலை நனைய விடுவது வழக்கம். அந்தத் தண்ணீரை மாடு குடித்துவிடக் கூடாது. செம்மறி ஆடு பக்கத்திலேயே வரக் கூடாது, அதற்குத் தாமிரம் சீக்கிரம் விஷமாகும்.

"நேற்று வரை நன்றாக இருந்த மாடு இன்று திடீரென நொண்டுகிறது, என்ன செய்யலாம்?" கால்நடை கேள்வி-பதில் பகுதிகளுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. வாயில் நுரையும் நாக்கில் கொப்புளமும் சேர்ந்திருந்தால் கோமாரியைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சலோடு இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டல் இடம் மாறினால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். மழைக்காலத்தில், ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட கொழுத்த கன்று திடீரென நொண்டி, தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்டால் அது சப்பை நோய். காத்திருக்க நேரமில்லை, ஒரே நாளில் கன்று போய்விடும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தப் பதற்றமே வராது.

எழுந்திருக்க இடம் வேண்டும்

நடையைவிடக் கடினமான வேலை எழுந்திருப்பது. மாடு படுக்கும்போது முன்முட்டிகளை முதலில் மடக்கும். எழும்போது பின்பாகம் முதலில் எழும். குதிரை இதற்கு நேர் எதிர், முன்னங்கால்களை முதலில் ஊன்றி எழும். முன்முட்டி தரையில் இருக்கும் நிலையில் மாடு தலையையும் கழுத்தையும் வேகமாக முன்னால் வீசும். ஏற்றம் சாய்வது போலப் பாரம் முன்னால் போக, பின்பாகம் லேசாகி எழும்பும். பிறகுதான் முன்னங்கால்.

கட்டுத்தறியில் தவறு நடக்கும் இடம் இதுதான். தலைக்கு நேரே சுவர், அல்லது ஒரு முழக் கயிற்றில் காடியோடு சேர்த்துக் கட்டு. தலையை வீச இடமில்லை. மாடு இரண்டு மூன்று முறை முயன்று, சறுக்கி, மறுபடி உட்கார்ந்துவிடும். அல்லது குதிரை போல முன்னங்காலை முதலில் ஊன்றி, நாய் மாதிரி உட்கார்ந்து எழப் பார்க்கும். மாடு அப்படி எழுந்தால் "வேடிக்கையான மாடு" என்று சிரிக்காமல் தலைக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். படுத்த மாட்டின் மூக்குக்கு முன்னால் இரண்டு முழமாவது காலியாக விட்டு, கயிற்றை அதற்கேற்ற நீளம் வைத்தால் நல்லது. ஒரு நாளில் மாடு 10, 12 மணி நேரம் படுக்கிறது, பல முறை எழுந்து எழுந்து படுக்கிறது. எழுவது கஷ்டமானால் படுப்பதையே குறைத்துக்கொள்ளும். நின்று நின்று குளம்பு கெடும்.

கன்று போட்ட மூன்று நாளுக்குள் நல்ல கறவை மாடு எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தால் பால் காய்ச்சலை நினைக்க வேண்டும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிவிடுவதால் தசை வேலை செய்வதில்லை. மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் அன்றே எழுந்துவிடும். அவர் வரும் வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது, விழுங்கும் தசையும் சோர்ந்திருப்பதால் நுரையீரலுக்குப் போய்விடும். வைக்கோல் மெத்தை போட்டு, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். ஐந்நூறு கிலோ உடம்பு தன் கீழே மாட்டிக்கொண்ட காலை நசுக்கிவிடும். கால்சியம் ஏறிய பிறகும் எழாமல் போகிற மாடுகளில் சில, நோயால் அல்ல, ஒரே பக்கம் கிடந்ததால் போனவை.

காலை எடுத்து வைக்கவே மறுக்கும் மாடும் உண்டு. லாரியில் ஏற்றும்போது பார்க்கலாம். நால்வர் கயிற்றை இழுப்பார்கள், ஒருவர் வாலை முறுக்குவார். கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தின் டெம்பிள் கிராண்டின் அம்மையார் பல ஆண்டு கவனித்துச் சொன்ன வழி வேறு. மாட்டுக்குத் தோள்தான் எல்லை. ஆள் தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் அது முன்னே நடக்கும், தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணில் படவே மாட்டார். தரையில் கிடக்கும் நிழல், மின்னும் தகரம், ஆடும் துணி, வெளிச்சத்திலிருந்து திடீரென வரும் இருட்டு ஆகியவை அதை நிறுத்தும். பல சமயம் மாட்டை நிறுத்தியது லாரி வாசலில் தொங்கும் ஒரு சாக்குத் துண்டாகத்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் தானே ஏறும்.

சாயங்காலம் அரும்பாவூரில் மாடுகள் திரும்பும் நேரமும் பட்டறைகளில் கொட்டாப்புளியைக் கீழே வைக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வாகைச் சிராய் குவிந்த வாசலில் பாதி செதுக்கிய காளை நிற்கிறது, நாலு காலும் இன்னும் கட்டையை விட்டுப் பிரியவில்லை. தெருவில் கறவை மாடு ஒன்று அதைக் கடந்து போகிறது. இடது பின், இடது முன், வலது பின், வலது முன். பின்னால் வருகிற பெண்மணி மாட்டின் முதுகைப் பார்க்கிறார், பிறகு குனிந்து வலது பின்னங்காலைப் பார்க்கிறார். "நில்லுடி" என்று சொல்லி, குளம்பிடுக்கில் மாட்டியிருந்த கருவேல முள்ளைப் பிடுங்கி ஓரமாகப் போடுகிறார்.